ட்யூப் புரொஜெக்டரில் காமாவும் பிரைட்னஸும்: முதலில் கறுப்பைப் பிடியுங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூடிவிட்ட ஒரு கருத்தரங்கக் கூடத்திலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி 8 அங்குலப் பிக்சர் ட்யூப் மூன்று கொண்ட புரொஜெக்டர் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, மாடி அறையில் 7 அடி அகலத் திரையில் போட்டுப் பார்க்கிறார். கன்வர்ஜென்ஸ், அதாவது மூன்று நிறப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஓரளவு சேர்ந்துவிட்டது. ஆனால் இரவுக் காட்சிகளில் கறுப்பு, ஊதா கலந்த சாம்பலாக நிற்கிறது. பிரைட்னஸைக் குறைத்தால் முகங்களே இருட்டில் மறைந்துபோகின்றன. வெள்ளைச் சட்டை மஞ்சளடிக்கிறது. இப்போது பிரைட்னஸ் 65, கான்ட்ராஸ்ட் 90. காமாவை 2.2-இல் வைப்பதா 2.4-இல் வைப்பதா, அது எந்த மெனுவில் இருக்கிறது, இதில் கிரிக்கெட் பார்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, காமா மெனுவைத் தேடுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ட்யூப் புரொஜெக்டரில் காமா நாம் வைப்பது இல்லை, தானாக வருவது. மூன்று ட்யூபிலும் கறுப்பு சரியான இடத்தில் உட்கார்ந்தால் காமாவும் தன் இடத்துக்கு வந்துவிடும். கறுப்பு தவறாக இருக்கும்போது எந்தக் காமா எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் படம் சரியாகாது.

காமா என்பது ட்யூபின் கழுத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான் கன்னின் குணம். சிக்னல் வோல்டேஜ் இரண்டு மடங்கானால் வெளிச்சம் இரண்டு மடங்காவதில்லை, ஐந்து மடங்குக்கும் சற்று மேலே போகிறது. பலர் இதைப் பாஸ்பரின், அதாவது ட்யூபின் முகத்தில் உள்புறம் பூசிய ஒளிரும் பூச்சின், குணம் என்று நினைக்கிறார்கள். பாஸ்பர் பெரும்பாலும் தன்மேல் விழும் மின்னோட்டத்துக்கு ஏற்ற அளவுதான் ஒளிரும். நீலம் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பிறகு வருகிறேன். கன்னின் இந்த வளைவைத் தெரிந்துகொண்டுதான் கேமரா பக்கத்திலேயே அதற்கு எதிர்வளைவு கொடுத்து அனுப்புகிறார்கள். தட்டைத் திரைகள் வந்து ட்யூப் மானிட்டர்கள் ஸ்டுடியோக்களிலிருந்து மறையத் தொடங்கியபோது, 2011-இல் ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு பிடி.1886 என்ற பரிந்துரையை வெளியிட்டது. அதில் இருக்கும் 2.4 என்ற எண், பழைய ட்யூப் எப்படி நடந்துகொண்டதோ அதைப் பார்த்து எழுதியது. இன்றைய டிவிகள் கணக்குப் போட்டு எட்டிப் பிடிக்கும் வளைவு உங்கள் மாடியில் இயல்பாகவே இருக்கிறது.

அந்த வளைவைக் கெடுப்பது பிரைட்னஸ். பெயரைப் பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்றால் ஏற்ற வேண்டியது அதைத்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். அது செய்வது வேறு வேலை. வளைவு முழுவதையும் அடியிலிருந்து மேலேயோ கீழேயோ நகர்த்துகிறது. வெளிச்சத்தை இழுத்து நீட்டுவது கான்ட்ராஸ்ட். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காமா 2.4 என்றால், 10 சதவீத சிக்னலுக்கு உச்ச வெளிச்சத்தில் 0.4 சதவீதம் வர வேண்டும். பிரைட்னஸ் வெறும் 3 சதவீதம் ஏறியிருந்தால் அதே இடத்தில் 0.75 சதவீதம் வரும், அதாவது கிட்டத்தட்ட இரு மடங்கு. 3 சதவீதம் இறங்கியிருந்தால் 0.17 சதவீதம், பாதிக்கும் குறைவு. 80 சதவீத சிக்னலில் அதே 3 சதவீத ஏற்றம் வெளிச்சத்தை ஒன்பது சதவீதம்தான் கூட்டுகிறது. பகல் காட்சி பார்க்கும்போது எதுவும் தெரியாமல் இருப்பதும், இரவுக் காட்சி வந்ததும் எல்லாம் குலைவதும் இதனால்தான். இதை மூன்று ட்யூபுக்கும் தனித்தனியாக நினைத்துப் பாருங்கள். சிவப்பும் நீலமும் பச்சையைவிடச் சற்று முந்தி எரிய ஆரம்பித்தால் கறுப்பில் ஊதா வரும். உங்களுக்கு வந்திருப்பது அதுதான்.

புரொஜெக்டரைத் தொடுவதற்கு முன்னால் சிக்னலைப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருந்தது. செட்டாப் பெட்டியோ பிளேயரோ, அந்தப் பெட்டியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ சிக்னலை ஒரு கன்வெர்ட்டர் வழியாக அனலாக் ஆர்ஜிபியாக, அதாவது நிறத்துக்கு ஒரு கம்பியில் போகும் பழைய வகைச் சிக்னலாக, மாற்றித்தான் நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். 0 முதல் 255 வரையான எண்களில், வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255. பெட்டி ஒரு கணக்கில் அனுப்பி, கன்வெர்ட்டர் இன்னொரு கணக்கில் எடுத்துக்கொண்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பெட்டி 16-ஐக் கறுப்பு என்று அனுப்ப, கன்வெர்ட்டர் 0-தான் கறுப்பு என்று எண்ணினால், கறுப்பு சாம்பலாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். இதைப் பிரைட்னஸைக் குறைத்துச் சமாளிக்கலாம். திருப்பி நடந்தால், 16-க்குக் கீழே இருக்கும் இருட்டு விவரமெல்லாம் கன்வெர்ட்டரிலேயே வெட்டுப்பட்டுவிடும். எந்தக் குமிழைத் திருகியும் அதை மீட்க முடியாது.

சோதிப்பது சுலபம். கறுப்புக்கு அருகே ஒவ்வொரு படியாக ஏறும் பட்டைகள் கொண்ட பேட்டர்னை, அதாவது சோதனைப் படத்தைப் போட்டு, பிரைட்னஸை முழுக்க ஏற்றுங்கள். 17, 18, 19, 20 என்ற பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் சிக்னல் முழுசாக வருகிறது. எவ்வளவு ஏற்றினாலும் அவை ஒரே பலகையாக நின்றால் கோளாறு புரொஜெக்டரில் இல்லை. பெட்டியின் அமைப்பில் லிமிடெட் (16-235), ஃபுல் (0-255) இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது கேபிள். ஆர்ஜிபி கேபிளின் கடைசி முனையில் 75 ஓம் டெர்மினேஷன், அதாவது சிக்னலை முடித்துவைக்கும் மின்தடை, ஒரே ஒரு முறைதான் இருக்க வேண்டும். கூடங்களில் இருந்த புரொஜெக்டர்களில் சிக்னலை அடுத்த மானிட்டருக்குக் கடத்த லூப் இணைப்பும், டெர்மினேஷனைப் போடவும் எடுக்கவும் ஒரு சுவிட்சும் இருப்பதுண்டு. டெர்மினேஷன் இரண்டு தடவை விழுந்தால் 0.7 வோல்ட்டாக வரவேண்டிய சிக்னல் 0.47-க்கு இறங்கிவிடும், படம் சோகை பிடித்தாற்போல் இருக்கும். டெர்மினேஷனே இல்லையென்றால் 1.4 வோல்ட் வந்து வெள்ளை கொதிக்கும். உங்கள் கான்ட்ராஸ்ட் 90 வரை ஏறிய பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், எனக்கு முதல் சந்தேகம் இந்த இரட்டை டெர்மினேஷன் மேல்தான்.

அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அல்சூரின் பழைய வீடுகளில் கூரைக்குக் கீழே ஒரு வென்டிலேட்டர் இருக்கும், தெருவிளக்கு நேராக அதற்குள் அடிக்கும். அதை மூடாமல் கறுப்பு பற்றிப் பேசுவதில் பயனில்லை. சிக்பேட்டையில் பளபளப்பில்லாத கறுப்பு வெல்வெட் துணி கிடைக்கும், வென்டிலேட்டருக்கும் திரையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சுவருக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மாலையில் மின்சாரம் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் எஸ்.பி. ரோட்டில் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று. இந்தச் செலவுகளுக்குப் பிறகுதான் நிறத்தை அளக்கும் மீட்டர்.

வேலையை இரவு எட்டு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். புரொஜெக்டர் 45 நிமிடம் ஓடியிருக்க வேண்டும். குளிர்ந்த ட்யூபில் வைத்த கறுப்பு, சூடேறியதும் நகர்ந்துவிடும். நீங்களும் பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்குங்கள். கைபேசித் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறுபடி பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஜி2. ஸ்கிரீன் வோல்டேஜ் என்றும் சொல்வார்கள். எலெக்ட்ரான் கற்றை எந்தப் புள்ளியில் அணைகிறது என்பதை இது தீர்மானிக்கிறது. சில மாடல்களில் ரிமோட்டின் சர்வீஸ் மெனுவிலேயே வந்துவிடும், சிலவற்றில் உள்ளே ட்யூபுக்கு ஒன்றாகச் சிறு திருகுகள் இருக்கும். மூடியைத் திறக்க வேண்டிய மாடல் என்றால் தயவுசெய்து நீங்களாகத் திறக்காதீர்கள். ட்யூபின் ஆனோடில் 30,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, அணைத்த பிறகும் சிறிது நேரம் தங்கும். பழைய பிக்சர் ட்யூப் டிவி வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு, மாடலின் சர்வீஸ் மேனுவலைக் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் 50-இல் வையுங்கள். முழுக் கறுப்பு சிக்னல் கொடுங்கள். கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பார்க்கக் கூடாது, சிக்னல் இல்லையென்றால் பல இயந்திரங்கள் ட்யூபையே அணைத்துவிடும். திரையைப் பார்க்காமல் லென்ஸ் வழியாக ட்யூபின் முகத்தைப் பாருங்கள். பச்சையின் ஜி2-ஐ மெல்ல ஏற்றினால், ஒரு கட்டத்தில் உள்ளே ஒரு செவ்வகம் தோன்றும், நிலா வெளிச்சத்தில் வாசல் கோலம் தெரிவது மாதிரி அவ்வளவு மங்கலாக. அங்கிருந்து இறக்குங்கள். அந்தச் செவ்வகம் மறையும் அந்த ஒரு நொடியில் கையை நிறுத்துங்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் அப்படியே. அவசரம் வேண்டாம், நான் இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன். நீலச் செவ்வகத்தைப் பிடிப்பது கடினம், லென்ஸைச் சுற்றிக் கையைக் குவித்து வைத்துப் பாருங்கள். ஜி2 அளவுக்கு மீறி ஏறியிருந்தால் கறுப்பில் மெல்லிய சாய்கோடுகள் தெரியும். அவை கற்றை திரும்பி ஓடும் தடங்கள். உங்கள் படத்தில் அவை இருந்தால் ஊதாச் சாம்பலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் பிரைட்னஸ். ப்ளூஜ் என்ற பேட்டர்ன் பெரும்பாலான டெஸ்ட் டிஸ்க்குகளில் இருக்கும். கறுப்புப் பின்னணியில் கறுப்பைவிடக் கீழான ஒரு பட்டையும், கறுப்பைவிடச் சற்றே மேலான ஒரு பட்டையும் வரும். ஏற்றினால் இரண்டும் தெரியும், பிறகு இறக்குங்கள். கீழ்ப்பட்டை பின்னணியோடு கலந்து மறைய வேண்டும், மேல்பட்டை இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்த்தால் மட்டும் தெரிய வேண்டும். ஜி2 சரியாக அமைந்திருந்தால் இந்த இடம் 50-க்கு ஓரிரு எண் தள்ளித்தான் வரும். 65-க்குப் போக வேண்டியிருந்தால் ஜி2-க்குத் திரும்பிப் போங்கள்.

கான்ட்ராஸ்ட் விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். 1990-களின் கடைசியில் இதே ஊரில் ஓர் அலுவலகக் கூட்ட அறையில் இப்படிப்பட்ட புரொஜெக்டர் ஒன்றைப் பொருத்தினேன். பகலில் ஸ்லைடு தெரியவில்லை என்றார்கள். திரைச்சீலை போடுங்கள் என்று சொல்லாமல் கான்ட்ராஸ்டை மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தாறு மாதம் கழித்து லென்ஸைக் கழற்றியபோது, பச்சை ட்யூபின் முகத்தில் கம்ப்யூட்டர் திரையின் மேல்பட்டையும் இடது ஓரத்து ஐகான் வரிசையும் பழுப்பாகப் பதிந்திருந்தன. மின்சாரம் இல்லாமலே தெரிந்தன, டார்ச் அடித்தால் ஐகான்களை எண்ணலாம். நல்ல ட்யூப் அது. பாஸ்பர் தேய்ந்த இடம் மறுபடி பழைய அளவுக்கு ஒளிராது. இன்று மாற்று ட்யூப் கிடைப்பதே அரிது என்பதால், அன்றைவிட இன்று அந்தத் தவறு இன்னும் பெரியது.

ஆகவே 90-ஐ உடனே 50-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு திரையின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நடுவில் வெள்ளைப் பெட்டி வரும் பேட்டர்னைப் போட்டு, ஏற்றிக்கொண்டே பக்கத்தில் போய்ப் பாருங்கள். பெட்டிக்குள் ஸ்கேன் கோடுகள் தனித்தனியாகத் தெரியும்வரை நல்லது. கோடுகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கற்றை பருத்துவிட்டது என்று பொருள். அங்கிருந்து ஐந்து எண் இறங்கி நில்லுங்கள். முழு வெள்ளைத் திரையை வைத்து இதைச் செய்யக் கூடாது. திரை முழுக்க வெள்ளை வந்தால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஏபிஎல் என்ற சுற்று தானாக வெளிச்சத்தை இழுத்துப் பிடிக்கும். நீங்கள் ஏற்ற ஏற்ற அது குறைக்கும், அளப்பதெல்லாம் பொய்யாகிவிடும்.

இனி நீலம். வெள்ளைச் சட்டை மஞ்சளடிப்பதன் காரணம் இங்கே இருக்கிறது. நீலப் பாஸ்பருக்கு ஓர் எல்லை உண்டு. மின்னோட்டம் கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் அதற்கேற்ற வெளிச்சம் தராமல் சோர்ந்துவிடும். சிவப்பும் பச்சையும் தொடர்ந்து ஏற, நீலம் பின்தங்க, வெள்ளையில் மஞ்சள் ஏறுகிறது. கான்ட்ராஸ்ட் 90-இல் இது நடந்தே தீரும். கான்ட்ராஸ்டைக் குறைத்ததுமே பாதி சரியாகிவிடும். மீதிக்கு, நீல ட்யூபின் மின்ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்துவார்கள். கற்றை கொஞ்சம் பரந்து விழுவதால் ஒரே புள்ளியில் சுமை குறைந்து பாஸ்பர் கூடுதலாக ஒளிரும். கூர்மை போய்விடாதா என்று கேட்பீர்கள். நீலத்தில் நுணுக்கமான விவரத்தைக் கண் அவ்வளவாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே தளர்த்துங்கள், மஞ்சள் விலகியதும் நிறுத்துங்கள். எழுத்துகளின் ஓரத்தில் நீலப் புகை தெரிந்தால் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பிறகு சாம்பல் நிறங்களைச் சமன்செய்வது. மீட்டர் இல்லாமலும் ஓரளவு முடியும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் பேட்டர்னில், இருட்டுப் படிகளில் நிறச் சாயல் இருந்தால் பயஸ், வெளிச்சப் படிகளில் இருந்தால் டிரைவ் என்று ட்யூபுக்குத் தனித்தனியாக இருக்கும் அமைப்புகளை மாற்ற வேண்டும். பச்சையைத் தொடாமல் அதை அடிப்படையாக வைத்து, சிவப்பையும் நீலத்தையும் அதற்கு இணையாகக் கொண்டுவாருங்கள். பயஸை மாற்றினால் டிரைவ் அசையும், டிரைவை மாற்றினால் பயஸ் அசையும். நாலைந்து சுற்று வர வேண்டியிருக்கும், அதில் பதற வேண்டாம்.

கண் எதற்கும் பழகிவிடும் என்பதால் பழைய கலரிமீட்டர் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருள் அதோடு வேலை செய்யும். 30 சதவீதத்தில் பயஸ், 80 சதவீதத்தில் டிரைவ், இரண்டிலும் வீடியோவின் நிலையான வெள்ளையான டி65 வர வேண்டும். அதாவது மீட்டர் காட்டும் நிற எண்களில் எக்ஸ் 0.313, ஒய் 0.329. திரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் இருட்டுப் படிகளில் மீட்டருக்குப் போதாது, எண்கள் ஆடும். அப்போது ஒளியைச் சிதறவிடும் வெண்மூடியைப் போட்ட மீட்டரைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து புரொஜெக்டரைப் பார்த்துத் திருப்புங்கள், நிறைய வெளிச்சம் கிடைக்கும். திரைத்துணியின் சொந்தச் சாயல் மட்டும் அந்தக் கணக்கில் வராது. 30-உம் 80-உம் சரியாக இருந்து 50-இல் மட்டும் நீலம் மிகுந்தால், அது அதே சோர்வின் மறுபக்கம்தான். நீல காமா திருத்தம் உங்கள் மாடலில் இருந்தால் அங்கே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 80-இல் நீலத்தை ஒரு துளி குறைவாக விட்டு நடுவைக் காப்பாற்றுங்கள். முகங்கள் எல்லாம் நடுவில்தான் இருக்கின்றன.

இவ்வளவும் முடிந்த பிறகு காமாவை அளக்கலாம். 100 சதவீதப் பெட்டியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 8 அடி-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அலகு) வந்தது என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதப் பெட்டியில் 1.5 வந்தால் காமா 2.4. 1.75 வந்தால் 2.2. 1.4 வந்தால் 2.5. இருட்டு அறையில் சினிமா பார்ப்பதற்கு 2.4-ஐ ஒட்டியே இருக்கட்டும். 2.2 விளக்கு எரியும் கூடத்துக்கு ஏற்றது. 50-இல் சரியாக வந்து 10-இல் மட்டும் விலகினால், காமாவைக் குறை சொல்லாமல் ப்ளூஜுக்குத் திரும்புங்கள்.

8 அடி-லாம்பர்ட் குறைவு என்று நினைக்க வேண்டாம். பிலிம் காலத்துத் தியேட்டர்களுக்கு வகுத்த அளவு 16, அதுவும் பிலிம் ஓடாத வெறும் வெளிச்சத்தில். உங்கள் 7 அடித் திரை ஏறக்குறைய 27.5 சதுர அடி. புரொஜெக்டர் முழு வெள்ளையில் 200 லூமென் தந்தால் 7 அடி-லாம்பர்ட் கிடைக்கும். 9 அடிக்குப் பெரிதாக்கினால் 4.4-க்கு விழும், அந்த ஆசையில் மறுபடி கான்ட்ராஸ்ட் 90-க்குப் போய்விடும். 7 அடியிலேயே நில்லுங்கள். கறுப்பு உண்மையிலேயே அணைந்திருக்கும் திரையில் 7 அடி-லாம்பர்ட் வெள்ளை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை, விண்மீன் நிறைந்த வானமோ மழையிரவோ வரும் ஒரு காட்சியில் நீங்களே பார்ப்பீர்கள். கற்றை அணைந்த இடத்தில் ஒளி துளியும் கிளம்புவதில்லை. இத்தனை பாடும் அதற்காகத்தான்.

கிரிக்கெட்டை டிவியில் பாருங்கள். நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்கோர் பட்டையும் சேனல் சின்னமும் ட்யூபில் பதியும். கடைசி ஓவருக்கு நண்பர்கள் கேட்டே தீருவார்கள் என்றால், கான்ட்ராஸ்டை 35-க்கு இறக்கிவிட்டுப் போடுங்கள், ஆட்டம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

எல்லா எண்களையும், பழையதும் புதியதும் சேர்த்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி புரொஜெக்டரின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். முதலில் அந்த 17, 18, 19, 20 பட்டைகள் பிரிகின்றனவா, டெர்மினேஷன் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஜி2-ஐத் தொடுவதா வேண்டாமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.